மேட்டில் மட்டும் வந்த மிஸ்ஸிங்: பழைய பிக்கப்போடு ஒன்பது மாதம்

என் பிக்கப் 1999 மாடல். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் போடும் கியர். 11 வருடமாக ஓட்டுகிறேன். மீட்டர் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதற்குள் கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் சிலிண்டர் என்று பலதும் மாற்றியாகிவிட்டது. அவையெல்லாம் கெட்டால் கெட்டதுதான், பார்த்தவுடன் தெரிந்துவிடும். என்னைப் படுத்தி எடுத்தது ஒரே ஒரு கோளாறு. எப்போதாவது வரும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும் ஒரு மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போவது.

முதல் தடவை வந்தபோது பின்னால் நல்ல பாரம். இரண்டாவது கியரில் மேடு ஏறிக்கொண்டிருந்தேன். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி விக்கல் எடுத்ததுபோல இரண்டு மூன்று முறை வெட்டியது. காலை லேசாக எடுத்தேன், சரியாகிவிட்டது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். வயதான வண்டி, எதற்கும் மாற்றிவிடலாம் என்று பிளக், பிளக் ஒயர், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயில் மூன்றையும் மாற்றினார்கள்.

இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் மறுபடி வெட்டியது. அந்த இரண்டு வாரம் ஏன் நன்றாக ஓடியது என்பது கடைசியில்தான் புரிந்தது. அதுவரை அந்த இரண்டு வாரமே என்னைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. காயிலை மாற்றியதும் சரியானதால், புது காயிலும் மட்டமான சரக்கு என்று நினைத்து இன்னொன்றும் வாங்கிப் போட்டேன்.

ஒருநாள் நீளமான ஏற்றத்தில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். மின்னினால், மிஸ்ஸிங், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே எரிந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிவிடும். உடனே காலை எடுத்து, ஓரங்கட்டி, கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் கோடைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். பி0303. மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங்.

அதற்கு முன் பலமுறை பி0300 மட்டும் வந்திருந்தது. எந்தச் சிலிண்டர் என்று சொல்லாத பொதுவான கோடு அது. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஒவ்வொரு எரிப்புக்கும் எவ்வளவு வேகம் கூடுகிறது என்பதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கிறது. கொஞ்ச நேரமே வந்துபோகும் மிஸ்ஸிங்கில் அதுவும் சில சமயம் தடுமாறும். இப்போது ஒரு எண் கிடைத்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

என் எஞ்சினில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்கு நெருப்பு கொடுக்கும். 1-க்கும் 4-க்கும் ஒன்று, 2-க்கும் 3-க்கும் ஒன்று. காயில் போயிருந்தால் பெரும்பாலும் இரண்டாம் சிலிண்டரும் சேர்ந்து அழ வேண்டும். அது அழவில்லை. இருந்தாலும் இடம் மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் பிளக்கை ஒன்றுக்கும், ஒன்றாம் பிளக்கை மூன்றுக்கும் போட்டேன். கோடு மூன்றிலேயே நின்றது. பிளக் ஒயரை மாற்றினேன், அப்போதும் மூன்று. சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி மாற்றினேன், மூன்றுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாரம் ஏற்றி அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் இதற்கே ஒரு மாதம் போனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பேசுகிறது என்று தெரியாது.

சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தம் பார்த்தேன், நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இரவில் பானெட்டைத் திறந்து பிளக் ஒயர்மேல் தண்ணீரைப் புகைபோல அடித்துப் பார்த்தேன், எங்கும் பொறி பறக்கவில்லை. கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூவல் ட்ரிம் ஐடிலிலும் 2500 சுற்றிலும் சாதாரணமாகவே இருந்தது, அதனால் காற்றுக் கசிவு இல்லை. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகச் சாகாது.

வழியைக் காட்டியது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். வெட்டும் ஒவ்வொரு முறையும் மழையா வெயிலா, எஞ்சின் சூடா, எந்த கியர், பாரம் எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து மொத்தமாகப் படித்தேன். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐந்தாம் கியரில் மேடு ஏறும்போது ஒருமுறைகூட வரவில்லை. எல்லாமே ஒன்றாம், இரண்டாம் கியரில்தான். ரிவர்ஸில் சரிவு ஏறியபோதும் வரவே இல்லை.

பலவீனமான பிளக்கோ காயிலோ இருந்தால் வண்டி மேல் கியரில், குறைந்த சுற்றில், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போதுதான் முதலில் திணறும். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி, பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். என் வண்டி நேர்மாறாக இருந்தது. கீழ் கியரில்தான் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து, அவற்றைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்மேல் அதிகமாகப் புரளும். ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் புரளும். அப்படியானால் எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது எதுவோ இழுபடுகிறது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பிளக் நெருப்பு விடாமல் வெட்டினால் சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை வரும். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நெருப்பு இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை.

இன்ஜெக்டரிலிருந்து கழற்றிய ஒயர் கனெக்டரில் மாட்டும் ஒரு சின்ன டெஸ்ட் லைட் உண்டு. நாய்டு லைட் என்பார்கள். கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது மின்னும். மூன்றாம் இன்ஜெக்டரில் அதை மாட்டினேன். வண்டி மூன்று சிலிண்டரில் ஓடினாலும் லைட் ஒழுங்காக மின்னிக்கொண்டே இருந்தது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, ஒன்றாம் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக விட்டேன். தம்பி பக்கவாட்டில் நின்று பார்த்தான். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ஓரிரண்டு நொடிக்கு மேல் இப்படிச் செய்தால் கிளட்ச் கருகிவிடும்.

எஞ்சின் சாய்ந்தது. "அண்ணா, லைட் அணைஞ்சிடுச்சு!" என்று கத்தினான். கிளட்ச்சை மிதித்தேன், மறுபடி மின்னியது.

அந்த ஒயரை முன்பே மல்டிமீட்டரில் பார்த்திருந்தேன், தொடர்பு நன்றாகவே காட்டியது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தால்கூட மீட்டருக்குப் போதும். இப்போது கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரம் வரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் இன்சுலேஷன் ரப்பர்போல நீண்டு மெலிந்தது. உள்ளே செம்பு இருந்தால் அப்படி நீளாது. பிளேடால் கீறினேன். செம்புக் கம்பி பச்சை பூத்துத் தூளாக உதிர்ந்தது, இரண்டு இழை மட்டும் நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

காயில் மாற்றியபோது இந்த ஒயர்க் கட்டை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அதில் ஒயருக்குக் கொஞ்சம் தளர்ச்சி கிடைத்தது. இரண்டு வாரத்தில் அதிர்வில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

உதிர்ந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே பருமனில் புது ஒயர் சேர்த்துச் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். இறுக்கமாக இழுத்துக் கட்டாமல் ஒரு வளைவு விட்டு, ஒட்டுப் போட்ட இடம் ஆடாதபடி கட்டினேன். ஆனால் அத்தோடு விட்டிருந்தால் அடுத்த ஒயர் அறுந்திருக்கும். இடது பக்க எஞ்சின் மவுண்டின் ரப்பர் இரும்பிலிருந்து பாதி பிரிந்திருந்தது. மவுண்ட் இரண்டையும் மாற்றினேன். மாற்றியபின் கியர் போடும்போது வரும் அந்தத் 'தொப்' சத்தமும் போய்விட்டது. அதை வயதின் சத்தம் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அதன்பின் 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பாதிக்கு மேல் பாரத்தோடு. பி0303 திரும்ப வரவில்லை. கழற்றிவைத்த பழைய காயிலும், நான் அவசரப்பட்டு மாற்றிய இன்னொரு காயிலும் அலமாரியில் இருக்கின்றன. போன மாதம் இரண்டையும் ஒவ்வொன்றாக மாட்டி, பாரம் ஏற்றி, அதே மேட்டில் இரண்டாம் கியரில் ஏற்றிப் பார்த்தேன். இரண்டிலும் எஞ்சின் ஒரு வெட்டுகூட இல்லாமல் ஏறியது.