எஸ்.ஏ.ரி. ஆங்கிலச் சொற்கள்: கொப்பியா, அட்டைப் பெட்டியா, அன்கியா?

திருகோணமலையில் உயர்தரம் முடித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக எஸ்.ஏ.ரி. என்ற நுழைவுத் தேர்வை எழுத நினைக்கும் பிள்ளைகளைக் கணிதம் அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. ஆங்கிலச் சொற்கள்தான் காலை வாரும். பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்குச் சேராது என்பதால் உயர்தர வகுப்பு முழுக்க அதைத் தொடாமலே விட்டவர்கள் அதிகம். பிறகு நாலைந்து மாதத்தில் சொல் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு வழக்கத்தில் இருப்பவை மூன்று வழிகள்: கொப்பியில் பட்டியல் எழுதிப் பாடமாக்குவது, கடதாசி அட்டைகளை ஐந்து அறைப் பெட்டியில் நகர்த்துவது, எந்த அட்டையை எந்த நாளில் மீட்ட வேண்டும் என்று தானே கணக்கிட்டுக் காட்டும் அன்கி என்ற போன் செயலி. நான் தேர்ந்தெடுத்தது அன்கி. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வழியைப் பார்க்கும் முன் எந்தச் சொற்கள் என்பதை முடிவுசெய்ய வேண்டும். ரியூசன் வகுப்புகளில் கைமாறும் 3,000, 5,000 சொற் போட்டோக் கொப்பிகளில் பல, பழைய தேர்வுக்குத் தொகுக்கப்பட்டவை. 2016 மார்ச்சில் எஸ்.ஏ.ரி. மாறியபோது, அரிய சொற்களைக் கொண்டு வசனத்தை நிரப்பும் வினாக்கள் போய்விட்டன. 2023 முதல் நம் பக்கத்தில் தேர்வு கணினியில்தான். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 32 நிமிடம் கொண்ட இரண்டு பாகங்கள், மொத்தம் 54 வினாக்கள். ஒவ்வொரு வினாவுக்கும் 25 முதல் 150 சொல் வரையான ஒரு சிறு பந்தி. ஒவ்வொரு பாகமும் சொற்பொருள் வினாக்களோடுதான் தொடங்கும். அவற்றில் வருபவை கல்வி எழுத்தில் அடிக்கடி புழங்கும் நடுத்தரச் சொற்கள். ஆகவே அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் தொடங்குங்கள். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), புழக்கத்தின் வரிசையில் பத்துத் துணைப்பட்டியல்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதோடு, தேர்வு நடத்துபவர்களே தரும் புளூபுக் செயலியின் மாதிரித் தேர்வுகளில் நீங்கள் தடுக்கி விழும் சொற்களையும் சேர்த்தால் மொத்தம் 800 அளவில் வரும். நாளுக்கு 10 புதிய சொல் என்றால் 80 நாள். கடைசி மூன்று கிழமையில் புதிய சொல் சேர்க்காமல் மீட்டல் மட்டும். நாலு மாதத்துக்குள் அடங்கும் வேலை இது.

கொப்பி வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். செலவு இல்லை. ஆனால் தெரிந்த சொல்லையும் தெரியாத சொல்லையும் ஒரே அளவு நேரம் கொடுத்து வாசிப்பீர்கள். பக்கத்தில் சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே பொருள் நினைவுக்கு வரும். தேர்வுத் திரையில் அந்தப் பக்கம் இருக்காது. அகரவரிசையில் எழுதினால் அடாப்ட், அடொப்ட் போன்ற ஒத்த ஒலிச் சொற்கள் அடுத்தடுத்து விழுந்து ஒன்றையொன்று குழப்பும். கொப்பியைப் பிழைத்த சொற்களைக் குறித்துவைக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான போட்டி பெட்டிக்கும் அன்கிக்கும் இடையில்தான். ஐந்து அறைப் பெட்டியை 1970களில் பரப்பியவர் செபஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர். புதிய அட்டை முதலாம் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால் முதலாம் அறைக்கே திரும்பும். முதலாம் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். இரண்டாவதை 2 நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை 4 நாளுக்கு, நாலாவதை 8 நாளுக்கு, ஐந்தாவதை 16 நாளுக்கு ஒருமுறை. ஒரு பிரிஸ்டல் போர்டை 5க்கு 7 செ.மீ. அளவில் வெட்டினால் சுமார் நூறு அட்டை வரும். நம் ஊரில் கவனிக்க வேண்டியது ஈரம். மாரி காலத்தில் ஜெல் பேனை மை பரவி, முன்பக்கத்து எழுத்துப் பின்பக்கம் தெரியும்; விடை தெரிந்துவிட்டால் அந்த அட்டையால் பயனில்லை. போல்பொயின்ற் பேனையால் எழுதி, மூடியுள்ள பிஸ்கட் தகரத்தில் வையுங்கள். கையால் எழுதும்போதே ஒரு சுற்றுப் படிப்பு முடிந்துவிடுவதும், போன் பக்கத்தில் இல்லாததால் கவனம் சிதறாததும் பெட்டியின் மெய்யான பலங்கள்.

பிறகு ஏன் அன்கி? ஒழுங்காக ஓடும் நாட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேலைதான் வாங்கும். நாளுக்கு 10 புதிய சொல் சேர்த்தால் அன்கியில் தினசரி மீட்டல் மெல்ல மெல்ல ஏறி 70 முதல் 100 அட்டை வரை வந்து நிற்கும். ஓர் அட்டைக்கு 8 முதல் 10 விநாடி என்றால் கால் மணித்தியாலம். பெட்டியிலும் அதற்குக் கிட்டத்தட்டத்தான். வித்தியாசம் தெரிவது இடையில் விட்டுப்போன பிறகு. நாலு மாதத்தில் விட்டுப்போகாமல் இருக்காது. பத்திரகாளி அம்மன் திருவிழா வரும், நோன்பு வரும், காய்ச்சல் வரும், இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

ஒரு கிழமை விட்டபின் பெட்டியைத் திறந்தால் ஏறக்குறைய எல்லா அறைகளுக்கும் முறை வந்திருக்கும். நாலாம் அறையில் உள்ள அட்டைகளில் எது அங்கே வந்து இரண்டு நாளானது, எது இரண்டு கிழமையாகக் கிடக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் புரட்ட வேண்டும், அல்லது குருட்டாம்போக்கில் கொஞ்சம் எடுக்க வேண்டும். 400 அட்டை குவிந்த பெட்டியை மறுபடி திறக்க மனம் வராது. பாதியில் கைவிடப்படும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைவிடப்படுகின்றன.

அன்கியிலும் 300, 400 குவியும். ஆனால் ஒவ்வோர் அட்டையும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, இடைவெளி எத்தனை நாள் என்ற கணக்கு அதனிடம் இருக்கிறது. மீள்வதற்கு மூன்று மாற்றம் போதும். நாளுக்கான புதிய அட்டையை 0 ஆக்குங்கள். மீட்டலின் உச்ச எண்ணிக்கையை 100 ஆக்குங்கள். மீட்டல் வரிசையை ‘அசெண்டிங் இன்டர்வல்ஸ்’ என்று மாற்றுங்கள். குறுகிய இடைவெளி அட்டைகள் முதலில் வரும். விரைவில் மறந்துபோகிறவை அவைதான். இரண்டு மாத இடைவெளி அட்டை ஒரு கிழமை பிந்தினால் பெரிய நட்டம் இல்லை. இப்படி ஒரு கிழமை, பத்து நாளில் குவியல் கரைந்துவிடும். பிறகு பழைய அமைப்புக்குத் திரும்பலாம். இந்த மீட்சி ஒன்றுக்காகவே அன்கியைத் தேர்ந்தெடுப்பேன்.

அண்ட்ரொயிட் போனில் அன்கிட்ரொயிட் இலவசம். இணையம் இல்லாமலும் ஓடும். ஐபோன் செயலிக்குச் சுமார் 25 டொலர் கட்ட வேண்டும். காசு கட்டாமல் அன்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து பயன்படுத்தலாம். பெயரில் அன்கி என்று ஒட்டிக்கொண்ட வேறு செயலிகளும் இருப்பதால் பார்த்து இறக்குங்கள். கிழமைக்கு ஒருமுறையாவது அன்கிவெப்போடு ஒத்திசைத்துவிட வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தால் அட்டைகளும் கணக்கும் அதோடு போய்விடும்.

நிறுவியதும் மாற்ற வேண்டியவை சில. புதிய அட்டை நாளுக்கு 20 என்றிருக்கும், 10 ஆக்குங்கள். 20ஐ விட்டுவைத்தால் இரண்டாம் மாதத்தில் மீட்டல் 200ஐத் தொடும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். புதிய அட்டைகளின் வரிசையை ‘ரண்டம்’ ஆக்கினால் கொப்பியில் சொன்ன அகரவரிசைக் குழப்பம் வராது. எட்டு முறை மறந்த அட்டையை அன்கி ‘லீச்’ என்று குறித்துவிடும். அந்த எண்ணை 5 ஆகக் குறையுங்கள். ஐந்து முறை பிழைத்த அட்டையில் பெரும்பாலும் அட்டையே பிழையாக இருக்கும். வசனத்தை மாற்றி எழுதுங்கள்.

விடையைப் பார்த்தபின் அழுத்தும் பொத்தான்கள் நாலு இருந்தாலும் ‘அகெய்ன்’ (மறந்தது), ‘குட்’ (நினைவு வந்தது) இரண்டும் போதும். சொல் மறந்துபோனபோது மனம் கேட்காமல் ‘ஹார்ட்’டை அழுத்துவது பரவலான பிழை. ‘ஹார்ட்’ என்றால் சிரமப்பட்டாவது நினைவு வந்தது என்றுதான் செயலி எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டும். பிறகு எந்த அட்டையும் மனதில் நிற்காது.

ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைத் தொகுதிகளை எடுக்க வேண்டாம் என்பேன். பலவற்றில் பழைய பட்டியலும் வசனமில்லாத பொருளும்தான் இருக்கும். தேர்வு கேட்பது பந்தியில் விடுபட்ட இடத்துக்கு மிகப் பொருத்தமான சொல்லை. அட்டையும் அப்படியே இருக்கட்டும்: முன்பக்கம் மாதிரித் தேர்விலோ ஆங்கிலப் பத்திரிகையிலோ எடுத்த ஒரு வசனம், சொல்லின் இடத்தில் கோடு, பின்பக்கம் சொல், எளிய ஆங்கில விளக்கம், இரண்டு மூன்று சொல்லில் தமிழ்ப் பொருள். கோட்டில் வேறு சொல்லும் பொருந்துமானால் முதலெழுத்தைக் குறிப்பாகக் கொடுங்கள். அட்ரெஸ் போன்ற பல பொருள் சொற்களுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் தனி அட்டை வேண்டும். விலாசம் என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். தேர்வில் வருவது ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்துத் தீர்க்க முற்படுவது.

கிழமைக்கு 70 அட்டையை ஒரே இருப்பில் தட்டெழுதிவிடலாம். எக்செலில் இரண்டு நிரலாக அடித்து, அந்தக் கோப்பை அன்கிக்குள் எடுக்கலாம்; சேமிக்கும்போது ‘சி.எஸ்.வி. யு.ரி.எப்.-8’. வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழும் உதவாது; அது யுனிகோட் அல்ல, அன்கியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யுனிகோட்டிலேயே அடியுங்கள்.

தேர்வுக்கு ஒரு மாதமே இருப்பவருக்கு இவ்வளவையும் அமைப்பது எந்த அளவுக்குப் பயன்படும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இடைவெளிகள் நீள்வதற்கே காலம் போதாது. துணைப்பட்டியலில் முதல் மூன்றையும் மாதிரித் தேர்வில் பிழைத்தவற்றையும் மட்டும் எடுத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

தனக்கென்று போன் இல்லாத பிள்ளைக்கும், போனைத் திறந்தால் வேறெங்கோ போய்விடும் பிள்ளைக்கும் பெட்டிதான் சரி. அவர்கள் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு நாளும் அடுத்த அறைக்குப் போகும் கட்டின் முன்னால் திகதி எழுதிய கடதாசித் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஒரு கிழமை விட்டுத் திறந்தாலும் எந்தக் கட்டு எத்தனை நாள் பிந்தியது என்று தெரியும். முதல் இரண்டு அறைகளை முடித்துவிட்டு, மற்ற அறைகளில் திகதி பழைய கட்டிலிருந்து நாளுக்கு 60 அட்டையாக எடுத்து வாருங்கள். அதுவரை புதிய அட்டை எழுத வேண்டாம்.