ரத்தத்தை நிறுத்துவதா, மூளைக்கு மட்டும் விடுவதா?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிள்ளையின் இதய ஆபரேஷனுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போகிற பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பது, "மூளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. முதலில் ஒரு ஆறுதல்: இதயத்தில் ஓட்டையை அடைப்பது போன்ற வழக்கமான ஆபரேஷன்களில், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்கிற மெஷின் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். கீழே சொல்வது பெரும்பாலும் இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் வளைவையே வெட்டித் தைக்க வேண்டிய சிசுக்களுக்கு.

ஒரு வழி, முழு நிறுத்தம். உடம்பைச் சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து மெஷினையும் நிறுத்திவிடுவார்கள். அந்தக் குளிரில் மூளைக்கு ஆக்சிஜன் மிகக் கொஞ்சம் போதும். சர்ஜனுக்கு ரத்தமோ குழாயோ மறைக்காத இடம் கிடைக்கும். ஆனால் 40 நிமிடத்தைத் தாண்டத் தாண்ட ஆபத்து ஏறும்.

இன்னொரு வழியில், வலது கைக்கும் தலைக்கும் போகிற தமனி வழியே மூளைக்கு மட்டும் ரத்தம் விடுவார்கள். நேர நெருக்கடி தளரும். ஆனால் வேலை நுணுக்கமானது. ஓட்டம் கூடினால் மூளை வீங்கும், குறைந்தால் பயனில்லை.

கேட்டவுடன் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகம் இரண்டையும் ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதில் வளர்ச்சியைச் சோதித்தபோது மூளைக்கு ரத்தம் விட்ட குழந்தைகள் முந்தி நிற்கவில்லை. அதற்கு முன் பாஸ்டனில் முழு நிறுத்தத்தையும், உடம்பு முழுக்கக் குறைந்த ஓட்டம் விடுவதையும் ஒப்பிட்டார்கள். அந்தக் குழந்தைகளை 8 வயதில் சோதித்தபோது, முழு நிறுத்தம் செய்த குழு கை வேலையிலும் பேச்சிலும் பின்தங்கியது. மற்றக் குழுவிடம் அவசரபுத்தி கூடுதல். கவனத்தில் இரண்டு குழுவுமே சற்றுக் குறைவுதான்.

அதனால் என் கணிப்பு இது: சீக்கிரம் முடிகிற வேலைக்கு முழு நிறுத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், நீளும் என்று தெரிந்தால் மூளைக்கு ரத்தம் விடுவதே மேல். எந்த வழியானாலும் நிதானமாகக் குளிரவைப்பது, ரத்தத்தை அளவுக்கு மீறி நீர்க்கவிடாதது, திரும்பச் சூடாக்கும்போது 37 டிகிரியைத் தாண்டாதது எல்லாம் மூளையைக் காக்கும். நெற்றியில் சென்சார் ஒட்டி மூளையின் ஆக்சிஜனைக் கவனிப்பார்களா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

அப்புறம், ஊர் திரும்பிய பிறகு எக்கோ (இதய ஸ்கேன்) மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உட்காருவது, நடப்பது, பேசுவது தாமதமானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் உடனே காட்டுங்கள். பயிற்சியைச் சின்ன வயதிலேயே தொடங்கிவிடலாம்.