பாளையங்கோட்டை வீடும் வங்கி வைப்பும்: எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?

இங்கிலாந்தில் நெடுங்காலம் குடியிருந்து, உயில் எழுதாமலே சென்ற ஆண்டு காலமான அப்பாவின் சொத்துகளை ஒழுங்குபடுத்த இம்முறை பாளையங்கோட்டைக்குச் சென்றிருந்தேன். ஒரு வீடும் வங்கியில் ஒரு நிரந்தர வைப்பும்தான் இருந்தன. வங்கிக் கிளையில், "வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். வட்டாட்சியர் அலுவலகம் தரும் அச்சான்றிதழ் வாரிசுகள் யார் யார் என்பதைத்தான் காட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது.

அதைத் தெளிவுபடுத்தியவர் திருநெல்வேலி வழக்கறிஞர் ஒருவர். நாங்கள் கிறித்தவர்கள் ஆதலால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 5ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். இந்தியாவிலுள்ள அசையாச் சொத்துக்கு, இறந்தவர் எங்கு வாழ்ந்திருந்தாலும், இந்தியச் சட்டமே செல்லும். அசையும் சொத்துக்கோ, இறக்கும்போது அவருடைய நிரந்தர வாழிடம் எந்த நாடோ அந்நாட்டுச் சட்டம் செல்லும். அதன்படி வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு; எஞ்சியது எனக்கும் தங்கைக்கும் சமமாக. வைப்புத் தொகைக்கு ஆங்கிலச் சட்டம்: பிள்ளைகள் இருந்தாலும் முதல் 3,22,000 பவுண்டு மனைவிக்கே என்பதாலும், அப்பாவின் அசையும் சொத்து மொத்தமும் அந்த வரம்புக்குள் அடங்கியதாலும், அது முழுவதும் அம்மாவைச் சேரும்.

ஆனால் நிரந்தர வாழிடத்தை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் 19ஆம் பிரிவின்படி வைப்பும் இந்தியச் சட்டத்துக்குள் வந்துவிடும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் இதற்குப் போதாது. ஊர் திரும்பும் எண்ணமின்றி அவர் அங்கேயே நிலைத்துவிட்டார் என்று காட்ட வேண்டும். நான் கொண்டுபோயிருந்த கோப்பைப் புரட்டிய வழக்கறிஞர், ஓய்வூதியக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு, அப்பா அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் முன்கூட்டியே இடம் வாங்கிய ரசீதைத்தான் தனியே எடுத்து வைத்தார். மனிதரின் எண்ணத்தை ஆவணத்தில் தேடும் இந்த முறை எனக்கு விசித்திரமாகப் பட்டாலும், நியாயமாகவே தோன்றியது.

வைப்புக்காக நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று (வட்டாட்சியர் தரும் சான்றிதழ் அல்ல; தொகையைப் பெற அதிகாரம் தரும் நீதிமன்றச் சான்று) கோரி மனுப் போட்டாயிற்று. இங்கிலாந்து இறப்புச் சான்றிதழுக்கு அங்கேயே அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்று) பெற்று வந்தது கைகொடுத்தது. வீட்டுப் பங்குகளை அம்மா பெயருக்கு விட்டுக்கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். வரமுடியாத தங்கை, தன் சார்பில் செயல்பட அதிகாரம் தந்து அங்கிருந்து எழுதி அனுப்பும் பொது அதிகாரப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும் என்பதால், நான் ஊரில் இருக்கும்போதே அது கைக்கு வரும்படி அனுப்பச் சொல்லி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்தேன்.