ஏசியில் கேஸ் குறையவில்லை, எக்கோதான் காரணம்

போன மே மாதம் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பி, 2,400 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் மதியம் அவிநாசி ரோட்டில் மறுபடியும் அதே வெக்கை. பின்சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "ஏசி போட்டிருக்கியா இல்லையா கண்ணு?" என்றார். டாஷ்போர்டில் எக்கோ, அதாவது பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் மோட், போட்டிருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் குளிர் வந்துவிட்டது.

அதுவரை ஹைவேயில் மட்டும் எக்கோ போட்டவன், அந்த மாதம்தான் டவுனுக்குள்ளும் போட ஆரம்பித்திருந்தேன். என் வண்டியில் எக்கோ போட்டால் ஏசி கம்ப்ரசரும் அடக்கி வாசிக்கும். வண்டியை டெலிவரி கொடுத்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை. கேஸ் நிரப்பியவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது சித்தப்பா மகன் புது வண்டி எடுக்கப்போகிறான். "எக்கோ மோட் இருக்கிறதாப் பாத்து எடுக்கட்டுமாண்ணா?" என்கிறான். நாலு வருஷம், 58,000 கிலோமீட்டர் ஓட்டியதை வைத்துச் சொல்கிறேன்.

எக்கோவில் ஆக்சிலரேட்டரை அதே அளவு மிதித்தாலும், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் குறைவாகத்தான் திறக்கும். ஆட்டோமேட்டிக் என்பதால் மேல் கியருக்கும் சீக்கிரம் போய்விடும். வண்டி மந்தமாக இருக்கிறதே என்று கூடுதலாக மிதித்தால், மிச்சமாக வேண்டிய பெட்ரோல் அங்கேயே போச்சு. முதல் வருஷம் முழுக்க நான் அப்படித்தான் ஓட்டினேன். பொறுமையாக மிதிக்கப் பழகிய பிறகு, டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் டவுனுக்குள் லிட்டருக்கு 12.5 வந்தது 13.4 ஆனது. ஹைவேயில் பெரிய வித்தியாசம் இல்லை. 110-இல் போனால் காற்றைத் தள்ளவே பெட்ரோல் போய்விடும், எந்த மோடும் காப்பாற்றாது. சத்தி ரோட்டில் கரும்பு டிராக்டரை முந்தும்போது எக்கோ வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது வேறு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, அரவேணு தாண்டியதும் கியரைக் குறைத்துக் காலை எடுத்துவிட்டால் மைலேஜ் மீட்டர் 99.9-இல் போய் நிற்கும். கியரில் உருளும்போது, இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் சும்மா ஓடவே பெட்ரோல் எரியும், பிரேக்கும் சூடாகும். அந்த 99.9-ஐப் பார்ப்பது அவ்வளவு சந்தோஷம். ஆனால் எக்கோ இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

அதனால் தம்பியிடம், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும் தினமும் ஸ்டார்ட் செய்ததும் அந்தப் பட்டனைத்தான் முதலில் அமுக்குகிறேன். வெயில் காலத்தில் அம்மா ஏறினால் அணைத்துவிடுவேன்.