சூடானால் ஸ்டார்ட் ஆகாத டர்போ: ஆவியா, ஓவர்ஃப்ளோவா?

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு பெட்ரோல் பங்கில் இரண்டு நிமிடம் நிறுத்தினாலும் பிரச்சினை இருக்காது. ஆனால் சாப்பாட்டுக்கு நிறுத்தி இருபது நிமிடம் கழித்து வந்தால், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. இரண்டு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மாற்றியமைத்த டர்போ பெட்ரோல் கார்களில் அடிக்கடி கேட்கிற புகார் இது. 2000களின் நடுவில் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸை எடுத்துக்கொண்டு பேசுவோம். 1.8 லிட்டர், 20 வால்வ், கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். இன்று ஓடுகிறவற்றில் பலவற்றுக்குப் பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை), பெரிய பெட்ரோல் பம்ப், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது) எல்லாம் ஆகியிருக்கும்.

இந்தப் புகாரைச் சொன்னதும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கட்சி பிரியும். ஒன்று, "பானெட் சூட்டில் பெட்ரோல் ஆவியாயிடுச்சுங்க, வேப்பர் லாக்." இன்னொன்று, "பெட்ரோல் அதிகமா இறங்கி ஓவர்ஃப்ளோ ஆகுதுங்க." அதாவது முதல் கட்சிக்கு இன்ஜினில் பெட்ரோல் போதவில்லை, இரண்டாவதுக்கு அளவுக்கு மேல் இருக்கிறது. இப்படி நேர் எதிரான இரண்டு நோய்க்கும் வெளியில் தெரிகிற அறிகுறி ஒன்றுதான் என்பதால்தான் ஆளாளுக்கு ஒரு பாகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: மாற்றியமைத்த கார் என்றால் முதலில் ஓவர்ஃப்ளோவைச் சந்தேகப்படுவேன். ஆவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பிரஷர் கேஜைக் கேட்பேன்.

ஆவிக் கட்சியின் வாதம்

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. வண்டி ஓடும்போது காற்றும் கூலன்ட்டும் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் தேக்கிவைத்த சூடு பானெட்டுக்குள் பரவ ஆரம்பிக்கும். அதனால் நிறுத்திய பிறகுதான் பானெட்டுக்குள் வெப்பம் ஏறும். பத்து இருபது நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கும். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிற கார் இருபது நிமிடத்தில் மறுப்பதற்கு இது பொருந்தி வருகிறது. ஹீட் ஷீல்டைக் கழற்றி எறிந்துவிட்டு மொட்டை டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்) போட்ட கார்களில் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

ஆனால் இந்த இன்ஜினில் டர்போ இருப்பது பின்பக்கம், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி. இன்ஜெக்டரும், அவற்றுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலும் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டோடு. நடுவில் மொத்த சிலிண்டர் ஹெட்டும் நிற்கிறது. ரெயில் சூடாகும்தான், ஆனால் டர்போ அதை நேராகச் சுடவில்லை.

அதைவிட முக்கியம் அழுத்தக் கணக்கு. பெட்ரோல் திறந்த பாத்திரத்தில் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாக ஆரம்பித்துவிடும். ஆனால் ரெயிலில் 3 பார் கேஜ் அழுத்தம் (வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல்) நின்றால், அதே பெட்ரோல் கொதிக்க ஏறக்குறைய 100 டிகிரியாவது வேண்டும். ரெயில் 80, 90 டிகிரிக்குப் போனாலும் உள்ளே இருப்பது திரவமாகவே இருக்கும். அழுத்தம் இறங்கினால்தான் குமிழி வரும். ஆக, வேப்பர் லாக் உண்மையிலேயே நடந்திருந்தாலும் அது விளைவுதான். அழுத்தத்தை எது கசியவிட்டது என்பதே கேள்வி. இதை விட்டுவிட்டு ரெயிலுக்குப் பளபளக்கும் வெள்ளிச் சுருள் சுற்றுவது ஓட்டை டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே இருப்பதுபோல.

(20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எத்தனால் சேர்ந்தால் பெட்ரோலின் லேசான பகுதி சீக்கிரம் ஆவியாகும் என்பது சரி. ஆனால் அழுத்தம் நிற்கிற ரெயிலில் அதனால் பெரிய வேறுபாடு வராது. ஏற்கனவே கசிகிற ரெயிலில் கோளாறு சீக்கிரம் தலைகாட்டும், அவ்வளவுதான்.)

ஓவர்ஃப்ளோ கட்சியின் வாதம்

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று கசிவு: இன்ஜெக்டர் முனை சரியாக மூடாமல் நிறுத்திய பிறகும் சொட்டுச்சொட்டாக இன்டேக் மேனிஃபோல்டில் இறங்குவது. குளிர்ந்த இன்ஜினுக்கு எப்படியும் கூடுதல் பெட்ரோல் தேவை என்பதால் காலையில் இந்தக் கசிவு தெரியாது. சூடான இன்ஜினுக்கு அது தேவையில்லை, மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று கணக்குப் பிழை, அதாவது இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தானே அதிகமாக ஊற்றுவது. மாற்றியமைத்த கார்களில் இதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். கம்பெனி இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 300 சிசி அளவில் இருக்கும். அதை எடுத்துவிட்டு 550 அல்லது 630 போடுவது வழக்கம். டியூன் செய்பவர் காரை டைனோவில் (உருளைமேல் ஓட்டி சக்தியை அளக்கும் கருவி) ஏற்றி, ஃபுல் பூஸ்டில் கலவையைச் சரிசெய்து, ஐடிலையும் சரிசெய்து கொடுத்துவிடுவார். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு ஊற்றவேண்டும் என்ற அட்டவணை பல இசியுக்களில் தனி. அதில் குளிர் ஸ்டார்ட் பகுதியை மறுநாள் காலையில் பார்த்திருப்பார். 95 டிகிரி கூலன்ட்டில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க டைனோ அறையில் யாருக்கும் பொறுமை இருக்காது. இன்னொரு சங்கதி: இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம் பேட்டரி வோல்ட்டைப் பொறுத்தது. ஓடும்போது 14 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10 சுற்றி. இந்த இறக்கத்தில் தாமதம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். புது இன்ஜெக்டருக்கான மதிப்பைப் போடாமல் பழையதையே விட்டிருந்தால் தவறு பெரிதாகத் தெரிகிற இடம் ஸ்டார்ட்தான்.

கூலன்ட் சென்சாரும் இந்தக் கட்சியில்தான் சேரும். இந்த இன்ஜினில் அது நான்கு முள் கொண்ட ஒரே சென்சார், உள்ளே இரண்டு தனிப் பிரிவு. ஒன்று டேஷ்போர்டு முள்ளுக்கு, ஒன்று இசியுவுக்கு. டேஷ்போர்டில் முள் நேராக 90-இல் நிற்கும், இசியு பக்கம் 30 டிகிரி என்று படித்துக்கொண்டிருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து அது தாராளமாக ஊற்றும். "டெம்பரேச்சர் கரெக்டாத்தான் காட்டுது அண்ணா" என்று ஓனர் சொல்வது எதையும் நிரூபிக்காது. ஸ்கேனரில் இசியு என்ன படிக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நேர் எதிரான பிழையும் உண்டு. ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றிவிட்டு, மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் தனி இசியு மாட்டிய கார்களில், உள்ளே வரும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் தானே வெந்துபோய் 80 டிகிரி காட்டும், உள்ளே போகிற காற்று 40-ஆக இருந்தாலும். காற்று லேசாகிவிட்டது என்று இசியு சுமார் 11 சதவீதம் பெட்ரோலைக் குறைக்கும். ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் இருமி, அணைந்துபோகிற கார்களில் இதைப் பாருங்கள். செல்ஃபே பிடிக்காத காருக்கு இது மட்டும் காரணமாக இருப்பது அரிது.

இரண்டையும் பிரிப்பது எப்படி

கார் மறுக்கிற அந்த நேரத்திலேயே பார்க்கவேண்டும். ஆறிய பிறகு டோ செய்து கொண்டுபோனால் எதுவும் கிடைக்காது.

முதலில் சாவியை ஆன் செய்து, பம்ப் சத்தம் நின்றதும் ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை, செல்ஃப் அடிக்காமல். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். டக்கென்று பிடித்தால் ரெயிலில் அழுத்தம் போயிருந்தது என்று அர்த்தம். ஆவிக் கட்சிக்கு ஒரு புள்ளி. இன்னும் மோசமானால் உள்ளே ஏற்கனவே பெட்ரோல் இருக்கிறது.

அடுத்த தடவை மறுக்கும்போது பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, நான்கு இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். புதிதாகப் பெட்ரோல் எதுவும் வராத நிலையில் இன்ஜின் இரண்டு மூன்று தடவை வெடித்துப் பிடிக்கப் பார்த்தால், ஓவர்ஃப்ளோ என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தையும் இதே தத்துவம்தான், ஆனால் அப்போது பெட்ரோலை நிறுத்துகிற ஏற்பாடு எல்லா இசியுவிலும் கிடையாது. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது: நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஒரு கட்சி, எலும்பாகக் காய்ந்திருந்தால் இன்னொரு கட்சி.

ஆனால் இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. இன்ஜெக்டர் கசிந்தால் ரெயிலில் அழுத்தம் போகும், அதனால் குமிழி வரும்; அதே பெட்ரோல் மேனிஃபோல்டில் தேங்கும், அதனால் ஓவர்ஃப்ளோவும் ஆகும். ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்தாலும் இதே கதை: அதன் வேக்குவம் ஹோஸ் வழியாகப் பெட்ரோல் இன்டேக்குக்குள் போகும். அந்தச் சின்ன ஹோஸைப் பிடுங்கி முகர்ந்து பார்க்க அரை நிமிடம் ஆகாது. பெட்ரோல் வாடை வந்தால் வேறெதையும் தேடவேண்டாம்.

கேஜ் சொல்வதும் ஸ்கேனர் சொல்லாததும்

இந்த இன்ஜினில் பெட்ரோல் அழுத்தத்துக்கென்று சென்சார் கிடையாது. விலை உயர்ந்த ஸ்கேனர் மாட்டினாலும் அழுத்தம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது; "நோ ஃபால்ட்" என்று சாதிக்கும். ரெயிலில் ஒரு கேஜைத்தான் கட்டவேண்டும்.

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி இடத்தில் சில சுற்று விரட்டிவிட்டு வந்த காரில் இதைப் பார்த்தால் நன்றாகப் புரியும். இன்ஜினை அணைத்ததும் முள் 3 பாரில் நிற்கும். பத்து நிமிடம் கழித்தும் 2-க்குக் கீழே இறங்கக் கூடாது. நோயுள்ள காரில் முள் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகரும்: 2.5, 2, சிறிது நேரத்தில் 1. ரெயில் சூடாக இருந்தால், முள் இப்படி இறங்கும்போதே உள்ளே குமிழி வர ஆரம்பித்துவிடும்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, பம்பை ஓடவிட்டு அழுத்தம் ஏற்றி, அணைத்த உடனே டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை அழுத்தி மூடுங்கள். முள் நின்றால் ரெகுலேட்டர். நிற்காவிட்டால் அடுத்த தடவை பம்பிலிருந்து வரும் ஹோஸை மூடுங்கள். அப்போது நின்றால் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்க பம்பில் இருக்கும் செக் வால்வ். இரண்டையும் மூடியும் இறங்கினால் இன்ஜெக்டர். இது பழைய வித்தை. மாற்றியமைத்த கார்களில் ஒரு சிக்கல்: ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸை நசுக்க முடியாது, நசுக்கினால் உள்ளே கிழியும். இரண்டு லைனிலும் ஒரு பால் வால்வைத் தற்காலிகமாகப் போட்டுத்தான் பார்க்கவேண்டும். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் லைனைத் திறக்கிறோம் என்பதையும் மறக்கவேண்டாம். அழுத்தத்தை இறக்காமல் ஸ்பானர் வைக்காதீர்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஜெக்டரில்தான் கசிவு என்றால் ரெயிலோடு கழற்றி, ஒரு காகிதத்துக்கு மேலே பிடித்து, அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு வரை மன்னிக்கலாம், அதற்கு மேல் கூடாது. புதிதாக வாங்கிய பெரிய இன்ஜெக்டர் என்பதால் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். போலிகள் இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டிஎஸ்ஐ வகை கார்களில் நிலைமை தலைகீழ். ரெயில் அழுத்தம் நூறு பாருக்கு மேல்கூடப் போகும், ஹோஸை மூடிப் பார்ப்பதெல்லாம் நடக்காது. ஆனால் ரெயிலில் சென்சார் உண்டு, அதனால் ஸ்கேனரே போதும்.

மற்ற சந்தேக நபர்கள்

இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் செத்துப்போவது உண்டு. ஆனால் அப்போது பெரும்பாலும் ஓடும்போதே அணைகிற வழக்கமும் சேர்ந்து வரும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் 200-க்கு மேல் காட்டினால் அதை விட்டுவிடலாம். பூஜ்யம் என்றால் சென்சாரை மாற்றுங்கள். செல்ஃபே சோம்பலாகச் சுற்றினால் பெட்ரோல் பேச்சே வேண்டாம். பேட்டரியை டிக்கிக்கு மாற்றியவர்கள் மெல்லிய கேபிளையும் எர்த்தையும் பார்க்கவும். டேங்க் நிரப்பிய பிறகு மட்டும் இந்தத் தொந்தரவு வந்தால் அது பர்ஜ் வால்வ்: திறந்தபடியே மாட்டிக்கொண்டு டேங்க் ஆவியை இன்டேக்குக்குள் விடுகிறது. அதன் ஹோஸை மூடிவிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் தெரிந்துவிடும்.

எந்த வைத்தியம்

செக் வால்வ் போனால் பம்பையே மாற்றுவதா, லைனில் தனியாக ஒரு செக் வால்வ் போடுவதா? பம்ப் நன்றாக ஓடுகிறது என்றால் நான் தனி வால்வையே போடுவேன், டேங்குக்குப் பக்கத்திலேயே. அளவு பம்புக்கு ஈடாக இருக்கவேண்டும். சின்னதாகப் போட்டால் ஃபுல் பூஸ்டில் பெட்ரோல் போதாமல் பிஸ்டனுக்கே ஆபத்து. ரெகுலேட்டர், இன்ஜெக்டர் இரண்டுக்கும் ஒட்டுப்போடும் வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அழுத்தம் நன்றாக நின்று, கூலன்ட் சென்சாரும் சரியாகப் படித்து, பிளக் மட்டும் நனைகிறது என்றால் லேப்டாப்போடு டியூனரிடம் போகவேண்டியதுதான். போகும்போது காரைச் சூடாகவே கொண்டுபோங்கள். அவர் கண்முன்னே நிறுத்தி, இருபது நிமிடம் காத்திருந்து, ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். ஸ்டார்ட் அட்டவணையின் சூடான கட்டங்களில் பெட்ரோலைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டுவதும், டவுன்பைப்புக்குச் சுருள் சுற்றுவதும் நல்ல வேலைகள்தான், ஆனால் கடைசியில். இன்ஜினை அணைத்த பிறகும் டர்போவுக்குக் கூலன்ட்டை ஓட்டும் சின்ன மின்சார பம்ப் பல 1.8 டர்போ கார்களில் இருந்தது. ஹோஸ் நெரிசலைக் குறைக்கிறேன் என்று அதைக் கழற்றியிருந்தால் அதைத் திரும்ப மாட்டுங்கள். ஸ்டார்ட் பிரச்சினை அதனால் தீர்கிறதோ இல்லையோ, டர்போ பேரிங்கில் ஆயில் கருகாமல் இருக்கும்.