"தொட்டி அளவுக்குத்தான் வளரும்" என்று சொல்லி விற்ற மீன்

வேலூரிலும் காட்பாடியிலும் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வைக்க நினைப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்று சொல்லி, ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்ற கெளுத்தி மீனை எனக்கு விற்ற கடையின் பெயரை எழுதவில்லை. பிறகு நானே நான்கைந்து கடைகளுக்குப் போய் விசாரித்தபோது, ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதே மீனை இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

2023 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், மகளை அழைத்துக்கொண்டு ஒரு வண்ண மீன் கடைக்குப் போனேன். சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் 3 அடி நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஏற்கெனவே இருந்தது. அதில் ஆறு மோலியும் இரண்டு கோல்டு ஃபிஷும் வளர்த்து வந்தோம். கடையில் ஒரு சிறிய தொட்டியின் மூலையில், விரல் நீளத்தில், கரிய முதுகும் பக்கவாட்டில் வெள்ளைப் பட்டையும் சிவந்த வாலும் உடம்புக்குப் பொருந்தாத நீண்ட மீசைகளுமாக ஒரு கெளுத்திக் குஞ்சு கிடந்தது. ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்றார் கடைக்காரர். எவ்வளவு பெரிதாகும் என்று நான் கேட்காமல் வாங்கவில்லை. "தொட்டி எவ்ளோ பெருசோ அவ்ளோதான் சார் வளரும். உங்க தொட்டிக்கு அரை அடி வந்தாலே அதிகம்" என்று அவர் தயங்காமல் சொன்னார். 600 ரூபாய் கொடுத்தேன். பில் நானும் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

இந்த மீன் தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ ஆறுகளைச் சேர்ந்தது. முழு வளர்ச்சியில் 4 அடியைத் தாண்டும், எடை 40 கிலோவுக்கு மேல் போகும், நல்ல நீரில் 15 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழும். தொட்டி சிறிதாக இருந்தால் மீனும் சிறிதாகவே நின்றுவிடும் என்பது பொய். சிறிய தொட்டியில் கழிவு சேர்ந்து நீர் கெட்டுப்போவதால் வளர்ச்சி குன்றலாம், முதுகெலும்பு வளையலாம், மீன் விரைவில் செத்தும் போகலாம். அப்படிச் செத்துப்போவதைத்தான் கடைக்காரர்கள் "அளவோடு வளர்ந்தது" என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆவணி முடிவதற்குள் மோலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் பூனையைச் சந்தேகப்பட்டோம். ஒரு நாள் காலையில் கெளுத்தியின் வாயில் கோல்டு ஃபிஷின் வால் மட்டும் வெளியே தெரிந்ததைப் பார்த்து மகள் அழுதபோதுதான் விஷயம் விளங்கியது. பொங்கலுக்கு மீன் ஓரடி ஆகியிருந்தது. அடியில் பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கற்களைக்கூட விழுங்கிவிட்டு மறுநாள் கக்கியது. சித்திரை பிறந்தபோது அதன் நீளம் ஒன்றரை அடி, தொட்டியின் அகலமோ ஒன்றேகால் அடி. திரும்ப வேண்டுமென்றால் அது தன் உடம்பைக் கொக்கிபோல் மடித்து, மூக்கை ஒரு கண்ணாடியிலும் வாலை எதிர்க் கண்ணாடியிலும் உரசிக்கொண்டுதான் திரும்பும். அந்த மூக்கின் நுனியில் தோல் உரிந்து ஓர் ஐம்பது காசு அளவுக்கு வெள்ளையாகப் புண் விழுந்திருந்ததை நான் பல நாள் கவனித்தேன். இரவில் திடீரென்று விளக்கைப் போட்டால் பயந்து துள்ளும், தொட்டி மூடி எழும்பிக் கூடத்துத் தரையெல்லாம் தண்ணீராகும்.

வேலூர் வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பெரிய மீனுக்கோ அதிகம் தேவைப்படும். 2024 மே மாதத்தில் ஓர் இரவு 11 மணிக்கு மின்சாரம் போனது. ஏர் பம்ப் நின்று அரை மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கியது. நானும் என் மனைவியும் மாறி மாறி, சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். விடியற்காலை 3 மணிக்கு மின்சாரம் வந்தது. அவ்வளவு நேரமும் அது எங்கள் கைக்குக் கீழேயே, மீசை விரலில் படும் தொலைவில், நகராமல் நின்றது. மறுநாளே இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கடைக்காரரிடம் போனேன். படத்தைக் காட்டியதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "விக்கறதோட சரி சார், திரும்ப எடுக்கறதில்ல" என்றார். அடுத்த மூச்சிலேயே, ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் தொட்டி செய்து தருவதாகவும் ஸ்டாண்டோடு 38,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். நான்கடி வளரும் மீன் இரண்டடி அகலத் தொட்டியில் எப்படித் திரும்பும் என்று கேட்டேன். "அப்போ பாலாத்துலயோ கோட்டை அகழியிலயோ வுட்டுடுங்க சார், புண்ணியமா போகும்." எவ்வளவு வளரும் என்று அவருக்கு முதல் நாளே தெரியும் என்பதை அந்த நிமிடத்தில் புரிந்துகொண்டேன். முதல் பொய் மீனை விற்கிறது. அந்தப் பொய் வெளிப்படும்போது பெரிய தொட்டியை விற்க முடிகிறது. அதுவும் நடக்காவிட்டால் மீன் ஊர் நீர்நிலைக்குப் போகிறது.

இந்தக் கடைசி யோசனைதான் என்னை இதை எழுத வைத்தது. வேலூரைச் சுற்றியுள்ள ஏரிகள் தனித்தனிக் கிண்ணங்கள் அல்ல. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கோ பாலாற்றுக்கோ தண்ணீர் போகும். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, ஓர் இடத்தில் விட்ட மீன் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2018 வெள்ளத்திற்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அமேசானின் ராட்சத மீனான அரபைமாவும், முதலை போன்ற நீண்ட வாயுள்ள அலிகேட்டர் கார் (gar) என்ற அமெரிக்க மீனும் பிடிபட்டன. இரண்டுமே வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டவை. 2023 மே மாதம் ஸ்ரீநகரின் தால் ஏரியிலும் ஓர் அலிகேட்டர் கார் சிக்கியது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன், தமிழகத்திலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் பெருகி, முள் துடுப்பால் வலையைக் கிழித்து, கரையைக் குடைந்து முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தொட்டி வைத்திருக்கும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே மிகப் பெரிதாக வளரும் மீன்களின் விற்பனையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வண்ண மீன் தொழிலை முடக்கச் சொல்லவில்லை. சென்னை கொளத்தூரின் வண்ண மீன் சந்தையை நம்பியும், வீட்டுப் பின்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி கப்பியும் மோலியும் ஃபைட்டரும் வளர்த்து விற்றும் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. நான் கேட்பது, விற்கும் தொட்டியின் மேலும் பில்லிலும் அந்த மீனின் முழு வளர்ச்சி நீளம் எழுதப்பட வேண்டும், இரண்டடிக்கு மேல் வளரும் இனங்களைக் குளமோ பெரிய தொட்டியோ இருப்பதாகக் காட்டுபவருக்கு மட்டுமே விற்க வேண்டும், விற்ற கடை திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதுதான். வழி இல்லாத கோரிக்கை அல்ல இது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவும் விற்கவும் நம் நாட்டில் தடை இருக்கிறது. ஜப்பான் 2018 முதல் கார் இன மீன்களைத் தடுத்துவிட்டது. 2022 இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஏ பிரிவு, அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இவற்றைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

சட்டம் வரும்வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். "ஷார்க்" என்று வெள்ளி நிறத்தில் குஞ்சாக விற்கப்படுவது மேகாங் ஆற்று மீன். ஓட்டல்களில் பாசா என்று துண்டாக வருவதும் அதுவே, நான்கடி வரை வளரும். வெள்ளி அரவானா மூன்றடி வரும். பிரானா என்று பயம் காட்டி விற்கப்படுவது பெரும்பாலும் அதன் உறவு மீனான பாக்கு (pacu). அரபைமா இரண்டு மீட்டரையும் தாண்டும். கடையில் எதைக் காட்டினாலும் அதன் பெயரைச் சரியாகக் கேட்டு, முழு நீளத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். பில் கையில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலாவது முறையிடலாம்; பில் இல்லாததால் என் புகார் வெறும் வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டது.

எங்கள் மீன் இப்போது ஆற்காட்டில், என் மச்சானின் நிலத்துக் கிணற்றடியில் உள்ள பழைய சிமெண்டுத் தொட்டியில் இருக்கிறது. ஈரச் சாக்கில் சுற்றி, மூடி போட்ட டிரம்மில் வைத்து, குட்டி யானை வண்டியில் கொண்டுபோய் விட்டோம். மூக்குப் புண் ஆறிவிட்டது. போன மாதம் டேப் வைத்துப் பார்த்தபோது 2 அடி 4 அங்குலம் இருந்தது. தொட்டியின் நீளம் 10 அடி, அகலம் 5 அடி. இன்னும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதுவும் போதாது. இதைவிடப் பெரிய, மழையில் வழிந்து வெளியே போகாத தொட்டியோ குளமோ வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பணம் எதுவும் வேண்டாம், கொண்டுவந்து சேர்க்கும் செலவும் என்னுடையது. நீள, அகல, ஆழத்தை மட்டும் முதலில் சொல்லுங்கள்.