ஃப்ரீகேட் ஸ்கெட்ச்சரில் அளவு கொடுத்தல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முப்பரிமாண அச்சுக்கான சிறு பாகங்களையும் மோட்டார் தாங்கிகளையும் வடிவமைப்பதற்கு, 0.18 பதிப்பு வெளிவந்த 2019-ஆம் ஆண்டு தொட்டு ஃப்ரீகேட் என்ற கணினி வடிவமைப்பு மென்பொருளையே பயன்படுத்தி வருகிறேன். அதில் இருபரிமாண வரைவுகளை (ஸ்கெட்ச்) உருவாக்கும் ஸ்கெட்ச்சர் பணியிடத்தில் ஒரு ஸ்கெட்சுக்கு அளவு கொடுக்கும் முறையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: அளவு கொடுக்கும் வசதி இன்று நன்றாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு குறைவான எண்களைக் கொடுக்கிறோமோ அவ்வளவு நன்றாக அது உழைக்கிறது.

ஒரு ஸ்கெட்சில் வரையும் ஒவ்வொரு உருவமும் சில சுதந்திர இயக்கக்கூறுகளுடன், அதாவது இடமோ அளவோ மாறக்கூடிய தனித்தனி வழிகளுடன், பிறக்கிறது. நேர்கோட்டுக்கு நான்கு, வட்டத்துக்கு மூன்று, வில்லுக்கு ஐந்து. நாம் இடும் ஒவ்வொரு கட்டுப்பாடும், அதாவது உருவம் மீறக்கூடாத நிபந்தனையும், அவற்றில் சிலவற்றைக் குறைக்கிறது. எஞ்சியிருப்பவற்றின் எண்ணிக்கையை மென்பொருள் பக்கப் பலகையில் காட்டிக்கொண்டே இருக்கிறது. அது பூஜ்யமானதும் கோடுகள் பச்சை நிறத்துக்கு மாறுகின்றன. கிடைமட்டம், செங்குத்து, சமம், சமச்சீர், தொடுகோடு போன்றவை வடிவக் கட்டுப்பாடுகள். நீளம், விட்டம், கோணம் ஆகியவை எண்ணால் அமையும் கட்டுப்பாடுகள். இரண்டும் ஒரே கணக்கில்தான் சேர்கின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

நெமா 17 என்ற அளவுத்தரத்தில் அமைந்த ஸ்டெப்பர் மோட்டாரை (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) பொருத்துவதற்கான தகட்டை எடுத்துக்கொள்வோம். மோட்டாரின் முகம் ஏறத்தாழ 42.3 மி.மீ. சதுரம்; எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகுகளுக்கான நான்கு துளைகள் 31 மி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கும், நடுவிலுள்ள வட்ட மேட்டின் விட்டம் 22 மி.மீ. செவ்வகக் கருவியால் வரைந்த வெளிவடிவத்துக்கு (முனைகளை இணைப்பது, பக்கங்களைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் நிறுத்துவது ஆகியவற்றைக் கருவியே செய்துவிடுவதால்) நான்கும், நடுவட்டத்துக்கு மூன்றும், நான்கு துளைகளுக்குப் பன்னிரண்டுமாகப் பத்தொன்பது இயக்கக்கூறுகள் எஞ்சுகின்றன. எல்லாவற்றையும் எண்களாலேயே அடைக்க முனைந்தால் பத்தொன்பது அளவுகள் தேவைப்படும். மாறாக, வெளிச்சதுரத்தின் எதிரெதிர் முனைகளை ஸ்கெட்சின் மையப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீராக்கி, அடுத்தடுத்த பக்கங்களைச் சமமாக்கி, உள்ளே துணைக்கோடுகளால் (பாகத்தின் வடிவத்தில் சேராமல் வரைவதற்கு மட்டும் உதவும் கோடுகள்) இன்னொரு சதுரத்தையும் அவ்வாறே அமைத்து, அதன் நான்கு முனைகளில் துளைகளின் மையங்களைப் பொருத்தி, துளைகளைத் தமக்குள் சமமாக்கி, நடுவட்டத்தை மையப்புள்ளியில் அமர்த்திவிட்டால், கொடுக்கவேண்டிய எண்கள் நான்கே: வெளிச்சதுரத்தின் பக்கம், துளை இடைவெளி, துளை விட்டம், நடுவட்ட விட்டம். அச்சில் துளை இறுக்கமாக வந்தால் ஒரே எண்ணை 3.2-இலிருந்து 3.4-ஆக மாற்றினால் போதும். நான்கு துளைகளும் சேர்ந்தே மாறும்.

2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பு இந்த வேலையைப் பெரிதும் இலகுவாக்கியது. அதற்கு முன்பு கிடைமட்டத் தொலைவு, செங்குத்துத் தொலைவு, ஆரம், கோணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவியைத் தேடவேண்டியிருந்தது. இப்போது டி விசையை அழுத்தி உருவங்களைச் சொடுக்கினால், எவற்றைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பார்த்து ஒரே கருவி தகுந்த அளவை முன்வைக்கிறது. வரைந்துகொண்டிருக்கும்போதே அளவைத் தட்டச்சு செய்யும் வசதியும் இதில்தான் வந்தது. ஆரம்பத்தில் அது கண்ணை உறுத்தினாலும், தோராயமாகப் பெரிதாக வரைந்துவிட்டுப் பிறகு சிறிய எண்ணைக் கொடுக்கும்போது ஸ்கெட்ச் உருக்குலையும் தொல்லை அதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

தேவைக்கு மேல் கட்டுப்பாடு சேரும்போது வரும் எச்சரிக்கையையும் குறிப்பிடவேண்டும். மிகையான கட்டுப்பாடுகளை மென்பொருள் சுட்டிக்காட்டுகிறது. அந்தச் செய்தியைச் சொடுக்கினால் அவை தேர்வாகின்றன. ஆனால் அது சுட்டுவது கடைசியாக நாம் இட்ட அளவாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே அவசரப்பட்டு அழிக்காமல், எந்தக் கட்டுப்பாடு வடிவத்தின் நோக்கத்தைச் சொல்கிறது என்று பார்த்து அதை வைத்துக்கொள்வதே நல்லது. வெறுமனே தெரிந்துகொள்ள வேண்டிய அளவென்றால் அதைக் குறிப்பளவாக மாற்றிவிடலாம். சிவப்புக்குப் பதில் நீலத்தில் தெரியும் அந்த அளவு வடிவத்தைக் கட்டுப்படுத்தாது.

நீண்டகாலப் பயன்பாட்டில் எனக்கு மிகவும் கைகொடுத்தது அளவுகளுக்குப் பெயர் சூட்டும் வசதியே. எண்ணை உள்ளிடும் பெட்டியிலேயே பெயருக்கும் இடமிருக்கிறது. பெயரிட்ட அளவை வேறொரு ஸ்கெட்சின் சூத்திரத்தில் பயன்படுத்தலாம். பல பாகங்களுக்குப் பொதுவான எண்களை விரிதாளில் வைத்து அங்கிருந்தும் இழுத்துக்கொள்ளலாம். பல மாதங்கள் கழித்து ஒரு பழைய கோப்பைத் திறக்கும்போது, 3.4 என்ற வெற்று எண்ணைவிடத் துளை_விட்டம் என்ற பெயர் எவ்வளவோ மேல்.

குறைகளும் உண்டு. அளவுகள் பெருகினால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அவற்றைக் கையால் இழுத்து ஒதுக்குவது சலிப்பான வேலை. ஸ்கெட்சில் கொடுத்த அளவுகள் பட்டறைக்கு அனுப்பும் வரைபடத்தில் தாமாக வந்து அமர்வதுமில்லை. அதற்கு வரைபடம் தயாரிக்கும் டெக்ட்ரா என்ற தனிப் பணியிடத்தில் அளவுகளைத் தனியே இடவேண்டும். இதைக் குறையென்று சொல்லத் தயக்கமும் இருக்கிறது: வடிவத்தை நிர்ணயிக்கும் அளவு வேறு, கடைசல்காரர் காலிப்பரால் சரிபார்க்கும் அளவு வேறு. ஆயினும், ஸ்கெட்சிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டுமாவது அப்படியே எடுத்துச்செல்ல ஒரு நேரடி வழி இருந்தால், நான்கைந்து பாகங்கள் கொண்ட ஒரு தொகுப்புக்கு வரைபடம் தயாரிக்கும் நேரம் கணிசமாகக் குறையும்.